பெரட்டுக்களத்தில் ஒரு நேர்முகம்

ஒன்பதரைக்குக் கம்ப்யூட்டர் வழியே சுபாஜினிக்கு நேர்முகத் தேர்வு. ஒன்பது மணிக்கே அவள் மேசைக்கு முன்னால் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் டிவிஷனில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது பெரட்டுக்களத்தில்தான். தினமும் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் இடம். அங்கே யாராவது மேசை போட்டு உட்கார்ந்தால் எதிரே வரிசையாக நிற்பது நாலு தலைமுறைப் பழக்கம். அன்று வேலையும் இல்லை. போதாததற்கு, "மக டொக்டராகிட்டா" என்று அப்பா முருகையா லயம் லயமாக, வீடு வீடாகச் சொல்லியிருந்தார்.

டொக்டர்தான். பதினோரு வருடம் படித்து, கிருமிகளின் மரபணுவைக் கம்ப்யூட்டரில் ஆராய்ந்து வாங்கிய பட்டம். இரண்டு நேர்முகங்களில் கையை விரித்துவிட்டார்கள். இதுவும் போனால் பதுளையில் டியூஷன் வகுப்புத்தான். நினைக்கவே அவளுக்கு அழுகை வந்தது.

"முழங்கால் குத்துது டொக்டரம்மா," என்றாள் முதல் ஆளாக நின்ற ராசம்மா.

"நான் மருந்து குடுக்கிற டொக்டர் இல்லீங்க அத்தை. கம்ப்யூட்டர்ல வேலை பாக்கிறவ."

வரிசை கலைந்தது. ராசம்மா மட்டும் நகரவில்லை. பத்து நிமிடத்தில் இருபது பேர் வந்தார்கள், ஆளுக்கொரு பழுதான போனோடு.

"ஐயோ, இது வேற வேலைங்க. எந்தக் கிருமி எந்த வம்சம், எது எதுக்குச் சொந்தம்னு பாக்கிறது."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த பெரியாயிக் கிழவி ஜாதகத்தோடு வந்து நின்றாள்.

"பொண்ணுக்கு ஊரு கொஸ்லந்த. நம்ம பேரன் சதீஸ்குமாருக்கு முறை வருமான்னு பாரு பாப்பா."

அதற்குள் திரையில் ஆய்வுகூடப் பணிப்பாளர் சரவணமுத்துவும் இன்னும் மூன்று பேரும் தோன்றிவிட்டார்கள்.

"பின்னால நிக்கிறது ஆர் பிள்ளை?" என்றார் சரவணமுத்து.

"சொந்தக்காரங்க சேர்."

"சரி, உம்முடைய வேலையைச் சாதாரண ஆளுக்கும் விளங்கிற மாதிரிச் சொல்லும் பாப்பம்."

"மரபணுத் தொடர்வரிசைகளை ஒப்பீட்டு நெறிமுறைகளின் வழியாக..."

சரவணமுத்து கொட்டாவி விட்டார். பெரியாயிக்குப் பொறுக்கவில்லை. காலையிலிருந்து கேட்டதில் அவளுக்கு விஷயம் பிடிபட்டிருந்தது.

"ஏம்மா சுத்தி வளைக்கிற? ஐயா, வயித்துக்குள்ள ஆயிரம் கிருமி இருக்கு. இவ பெரட்டுல மாதிரி பேர் கூப்பிடுறா. நம்ம ஆளு எது, வேற தோட்டத்துலருந்து புதுசா நுழைஞ்சது எதுன்னு கண்டுபிடிச்சுக் குடுப்பா. மருந்து குடுக்கிறது ஆஸ்பத்திரி வேலை."

திரையில் நாலு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பதினோரு வருடத்தில் தனக்கே இப்படிச் சொல்ல வரவில்லையே என்று சுபாஜினிக்கு வெட்கமாக இருந்தது.

"நல்ல விளக்கம்," என்றார் சரவணமுத்து. "வேலை உமக்குத்தான்."

மற்ற மூவரும் திரையிலிருந்து மறைந்தார்கள். சரவணமுத்து போகவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டொக்டர், எனக்கு ரெண்டு கிழமையா முழங்கால் நோகுது. என்ன குளிசை போடலாம்?"

சுபாஜினி வாயைத் திறக்குமுன் ராசம்மா திரையை எட்டிப் பார்த்தாள்.

"வரிசையில வாங்க ஐயா. முழங்காலுக்கு நான்தான் முன்னாடி நிக்கிறேன்."