மண்டபத்தில் நான் செத்த மத்தியானம்

எனக்கு வயசு எழுபத்து மூணு. வளர்த்தது ஆறு பேர். நான் பெற்றது நாலு, செத்துப்போன நாத்தனார் விட்டுப்போனது ரெண்டு. ஆறு பேரையும் அதட்டியே ஆளாக்கின வாய் இது. இதே வாயால் நான் பட்ட அவமானம் ஒன்று உண்டு. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ரெண்டாம் கிளாஸ் எழுத்து, மெதுவாகத்தான் நகரும்.

நாலு வருஷத்துக்கு முந்தி இடுப்பெலும்பு முறிந்து ஆறு மாசம் படுக்கையில் கிடந்தேன். என்னைத் தூக்கி, துடைத்து, குளிப்பாட்டி, களியைக் குழம்பில் கரைத்து ஊட்டினவள் என் சின்ன மருமகள் செல்வி. எழுந்து நடமாடினதும் நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? பார்க்க வந்த பாப்பாரப்பட்டி சொந்தக்காரர்கள் முன்னால், "அவ சும்மா செஞ்சாளா? என் மாந்தோப்பு மேல ஒரு கண்ணு" என்று சொன்னேன். சிரிப்புக்குத்தான் சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. செல்வி காப்பி டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றையிலிருந்து என்னிடம் பேச்சு அளந்துதான் வந்தது. "சாப்பிடுங்க அத்தை." "மாத்திரை போட்டுக்குங்க அத்தை." அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. தப்பு என்னுடையது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆறு பேரை வளர்த்தவள் போய் மருமகளிடம் மன்னிப்புக் கேட்பதா? (கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.)

அந்த சமயத்தில்தான் பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் மூணு நாள் மௌன முகாம் என்று நோட்டீஸ் வந்தது. 'உள்ளுக்குள் விடுதலை, எதிர்பார்ப்பில்லாத அன்பு' என்று போட்டிருந்தது. என் கண்ணில் விடுதலை மட்டும்தான் பட்டது.

"நான் போறேன். எனக்கு யார் மேலயும் பற்று இல்ல. சாவே வந்தாலும் 'வா, உக்காரு'ம்பேன்" என்றேன், பக்கத்து வூட்டுக்கும் கேட்கிற மாதிரி.

செல்வி என் பையை மொபெட்டில் மாட்டினாள். "மாத்திரை சைடு ஜிப்புல இருக்குதுங்க அத்தை" என்றாள். மண்டபத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டாள்.

முகாம் நடத்தினவரை எல்லோரும் சாமி என்றார்கள். என் கடைசிப் பையன் வயசுதான் இருக்கும். "நீங்கள் யார்? உங்கள் பேரா? உடம்பா? உள்ளே கேட்டுப் பாருங்கள்" என்றார். நான் உள்ளே கேட்டேன். 'நாலு ஏக்கர் மாந்தோப்புக்காரி' என்று பதில் வந்தது. அது பதில் இல்லையாம்.

ரெண்டாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் பாயில் மல்லாக்கப் படுக்கச் சொன்னார்கள். "இப்போது சாவைப் பழகுவோம். உடம்பு கிடக்கிறது. நீங்கள் விலகி நில்லுங்கள். யார் அழுகிறார்கள் என்று பாருங்கள்" என்றார் சாமி. நான் கண்ணை மூடினேன். சாம்பார் சாதம் வயிற்றில் நிறைய. விலகி நிற்கிறதுக்கு முன்னாலேயே தூங்கிப்போனேன்.

முழிப்பு வந்தபோது ஒரே இருட்டு. கண்மேல் ஏதோ சில்லென்று ஈரமாக அழுத்துகிறது. பஞ்சு! காலை நகர்த்தினேன், நகரவில்லை. கட்டைவிரல் ரெண்டும் சேர்த்துக் கட்டியிருக்கிறது. எங்கள் பக்கம் கால் கட்டைவிரல் ரெண்டையும் எப்போது சேர்த்துக் கட்டுவார்கள் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. என் மாமியாருக்கு நானே கட்டியிருக்கிறேன்.

அப்போது சங்கு ஊதினார்கள்.

'வா, உக்காரு' என்று நான் சொல்ல வேண்டிய நேரம் அது. எங்கே சொல்ல? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கத்தினேன், சத்தம் வரவில்லை. சரிதான், பொணத்துக்கு எப்படி சத்தம் வரும் என்று நினைத்தேன். என்னைத் தூக்குவார்கள், குளிப்பாட்டுவார்கள், நான் உள்ளே முழித்துக்கொண்டே இருப்பேன். ஐயோ, யாராவது ஒருதரம் மூக்குல கை வச்சுப் பாருங்கடா!

ஒப்பாரி கேட்கிறதா என்று காதைத் தீட்டினேன். ஒன்றுமில்லை. ஆறு பேரை வளர்த்தவள் கிடக்கிறேன், ஒரு விசும்பல் இல்லை.

பிறகு இடது காதுப் பக்கம் ஒரு பொம்பளை மெதுவாகத் தேம்பினாள். செல்வி! வேறு யார்?

தோப்பை நான் இன்னும் யார் பேருக்கும் எழுதவில்லை. செத்தவளிடம் இனி இவள் கேட்டு வாங்க ஒன்றுமில்லை. அப்புறமும் அழுகிறாள். அதை நினைத்ததும் சாவைவிடப் பெரிய பயம் ஒன்று பிடித்துக்கொண்டது. இவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே வாய் அடைத்துப்போச்சே!

எங்கிருந்து வந்ததோ தெரியாது, குரல் பீறிட்டது.

"செல்வீ! அழாத கண்ணு! நீ தோப்புக்காகச் செய்யலன்னு எனக்குத் தெரியும்டீ! நான்தான் வாய்க்கொழுப்புல சொல்லிட்டேன்!"

எழுந்து ஓடப் பார்த்தேன். கால் கட்டியிருந்ததால் அப்படியே பக்கத்துப் பாயில் விழுந்தேன். அங்கே கண்ணை மூடி அழுதுகொண்டிருந்தது செல்வி இல்லை, அரூர்ப் பக்கத்து ரிட்டயர்டு டீச்சரம்மா. அந்தம்மா எமனே வந்து மேலே விழுந்துவிட்டான் என்று, "என்னை விட்டுடுங்க! பேத்தி கல்யாணத்தைப் பார்த்துட்டு வந்துடறேங்க!" என்று கும்பிட்டார். அறுபது பேருடைய ரெண்டு நாள் மௌனம் அந்த நிமிஷத்தில் முடிந்தது.

நடந்தது இவ்வளவுதான். பன்னீர்ப் பஞ்சு எல்லோர் கண்ணிலும் வைத்திருந்தார்கள். சங்கு, எழுந்திருக்கச் சொல்லி ஊதினது. நான் தூக்கத்தில் காலை அகட்டி டீச்சரம்மாவை உதைத்திருக்கிறேன். முறிந்த என் இடுப்பு வலிக்கும் என்று பாவப்பட்டு, முகாமில் உதவிக்கு இருந்த பெங்களூர்ப் பொண்ணு ரிப்பனால் விரலைக் கட்டிவிட்டிருக்கிறது. யோகா படித்த பொண்ணு. நம்ம ஊர் வழக்கம் அதற்கு எப்படித் தெரியும்?

சாமி எழுந்து வந்து கைகூப்பினார். "அம்மாவுக்கு விடுதலை கிடைத்துவிட்டது" என்றார். பாதிப் பேர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஒருத்தராவது அந்த ரிப்பனை அவிழ்த்துவிடவில்லை.

நான் நடுங்குகிறதைப் பார்த்து வூட்டுக்குப் போன் போட்டார்கள். செல்வி மொபெட்டில் வந்தாள். பெங்களூர்ப் பொண்ணு ஒன்றுவிடாமல் அவளிடம் ஒப்பித்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாதி வழியில் செல்வி வண்டியை மெதுவாக்கினாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "சாவற வரைக்கும் சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சிருந்தேன் அத்தை. செத்து அஞ்சு நிமிஷம் கழிச்சாவது சொன்னீங்களே!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், வண்டி ரோட்டில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடியது. நான் அவள் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். (சாவுக்கு அஞ்சாதவள்!)

இன்றைக்கும் மத்தியானத்தில் நான் கொஞ்சம் சாய்ந்தால் போதும். "ஆத்தா, ரிப்பன் எடுத்தாரட்டுமா?" என்று என் பெரிய மகன் கேட்பான். செல்வி, அவள் மகள் கவிதா, வூடே சிரிக்கும்.

எல்லாம் சரி. ஆனால் நான் சொன்னதை மண்டபத்தில் அறுபது பேர் காதால் கேட்டார்கள். கேட்க வேண்டியவளுக்கு வேற ஆள் சொல்லித்தான் தெரிந்தது. அவள் முகத்துக்கு நேரே நான் இன்னும் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வரும், 'காப்பி போட்டியா?' என்று கேட்டுவிடுவேன். அதனால்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

கவிதா, போனை வச்சிட்டு இங்க வா கண்ணு. ஆயா எழுதினதை முதல்ல இருந்து படி. மனசுக்குள்ள இல்ல, நல்லா சத்தமா படி. உங்கம்மா சமையல்கட்டுல இருக்கறா.