அக்கா வீட்டில் பால் காய்ச்சிய கணக்கு

ஓரிடத்தில் நிலைக்காதவனை உறவுக்காரர் எதற்கும் நம்புவதில்லை. கணினி தெரியும் என்று சொன்னால் மட்டும் நம்பிவிடுகிறார்கள். (எங்கள் சனத்தின் பலவீனம் அது.)

பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பல நாடுகளில் கோப்பை கழுவி, மொன்றியல் வந்து, நோத்ர-டாம்-த-கிரேஸில் கார்த்திக் என்ற சென்னை மாணவனோடு அறை பகிர்ந்திருந்தேன். அப்போது அக்கா டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில் வீடு வாங்கினாள். நிலக்கீழ் அறையை எனக்குத் தர அவளுக்கு விருப்பம், அத்தானுக்கு இல்லை. அவரை மசியவைக்க ஒரு வழி கிடைத்தது. நாட்காட்டி ராகுகாலம் ஊர்ச் சூரியனுக்கானது, பால் காய்ச்சும் நேரத்தை மொன்றியல் சூரியனுக்கு நானே கணித்துத் தருகிறேன் என்றேன்.

சூரிய உதயத்தையும் மறைவையும் கணக்கிடும் செயற்கூறு கார்த்திக்கின் கணித மென்பொருளில் இருந்தது. நான் வீடியோ பார்த்துப் பழகியது வேறொரு மென்பொருள். என்னுடையதற்குள் இருந்தே அவனுடையதைக் கூப்பிட்டு வேலை வாங்கலாம் என்று அறிந்து, இரண்டையும் இணைப்பதற்குள் அரை உயிர் போனது.

"அண்ணா, அது எந்த டைம்ல ரிசல்ட் தருதுன்னு பாத்தீங்களா?" என்றான் கார்த்திக்.

"சூரியன் ஒண்டுதானே தம்பி?"

ஏப்ரல் மாதச் சனிக்கிழமை. என் கணக்குப்படி ராகுகாலம் முடிந்து, காலை பத்தரைக்குப் பால் பொங்கியது. அப்போதுதான் அத்தானின் தாயாரான மாமி வந்தார். கையில் மொன்றியல் நேரம் போட்டே கோயிலில் கொடுத்த நாட்காட்டி. (அப்படியொன்று இருப்பது எனக்குத் தெரியாது.)

"ஐயோ பிள்ளையள், இப்ப நடு ராகுகாலமெல்லே!"

கார்த்திக்கின் செயற்கூறு, கோடைக்காக இங்கே கடிகாரத்தில் கூட்டும் ஒரு மணித்தியாலத்தைச் சேர்க்காமல் நேரத்தைத் தந்திருந்தது. எங்கள் கடிகாரங்களோ மார்ச்சிலேயே முன்னே போய்விட்டன. என் மென்பொருள் ஒரு கேள்வியும் கேட்காமல் அதை வாங்கி, பகலை எட்டாகப் பிரித்து ராகுகாலம் சொல்லியிருக்கிறது.

"எல்லாரும் வெளியில போங்கோ. ராகுகாலம் முடியப் புதுசா வருவம்" என்றார் மாமி.

பால் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் போனது. நாங்கள் குத்துவிளக்கோடு பனிமழையில் நின்றோம். நெருப்புப் பிடித்துவிட்டதா என்று பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்தார். அக்காவின் மகள் பிரெஞ்சில் நெடுநேரம் விளக்கினாள். அவர் என்னை மட்டும் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

"ரெண்டு மிசினைப் பூட்டி ராகுவை வீட்டுக்குள்ள கூட்டிக்கொண்டு வந்திட்டீர்" என்றார் அத்தான்.

என் குளிர்ச்சட்டை உள்ளே கிடந்தது. அன்று மாலையே காய்ச்சல். அக்கா என்னை நிலக்கீழ் அறையில் படுக்கவைத்தாள். பிறகு எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. அறை கிடைத்தது இப்படித்தான்.

இன்றும் அங்குதான் இருக்கிறேன். வேலைக்குக் கிளம்பும்போது நேரமாகிவிட்டது என்று முணுமுணுத்தால் போதும், மேலேயிருந்து அக்காவின் மகள் கேட்பாள்:

"மாமா, அது உங்கட நேரமோ, எங்கட நேரமோ?"