சம்பந்தி காசில் தடை

பெடாஸில் இருக்கும் சம்பந்தி ராமகிருஷ்ணன் அவர்களுக்கு, கோலா பிலா தோட்டத்திலிருந்து குணாளன் கைகூப்பி எழுதுவது. நானும் என் மனைவி பஞ்சாலையும் நலம். தங்கள் வீட்டில் எல்லோரும் நலமாயிருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். சம்பந்தி என்று எழுதலாமா கூடாதா என்று எனக்கே தெரியவில்லை. எழுதிவிட்டேன், அடிக்க மனசு வரவில்லை. நீங்கள் போனை எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பிலும் என்னை பிளாக் செய்துவிட்டீர்கள், அதனால்தான் தபால்.

உங்கள் காசில் தடை இருக்கிறது என்று நான் சொன்னது உண்மை. ஆனால் அது கல்யாணத் தடை இல்லை, மின்தடை, அதாவது கரண்டு ஓட உலோகம் காட்டும் எதிர்ப்பு. முப்பத்திரண்டு வருஷம் எண்ணெய் ஆலையில் கரண்டு வேலை பார்த்தவனுக்கு ரிடையர் ஆனதும் கை சும்மா இருக்குமா? ஆன்லைனில் ஒரு மீட்டர் வாங்கினேன். எதை அளப்பது என்று தேடியபோது, பிள்ளைகள் கல்யாணத்தை உறுதி செய்த வெற்றிலையோடு நீங்கள் மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்த பழைய ஒரு ரிங்கிட் காசு கண்ணில் பட்டது. அதில் கரண்டு எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்று பார்க்க ஆசை வந்துவிட்டது. ஆலையில் நான் மீட்டரைப் பார்த்து உரக்கச் சொல்வேன், கணக்கெழுதும் கிராணி குறித்துக்கொள்வார். அதே பழக்கத்தில் பஞ்சாலை கையில் நோட்டைக் கொடுத்து, "சம்பந்தி காசு, தடை, புள்ளி மூணு ஓம்" என்று சத்தமாகச் சொன்னேன். வேலியோரம் கறிவேப்பிலை பறிக்க வந்த வள்ளிநாயகி அக்கா காதில் இது விழுந்தது. ஓம் என்பது மின்தடையின் அலகு என்று அவருக்கு யார் சொல்வது?

மறுநாள் காலை வாசலில் நான்கு பெண்கள், கையில் மஞ்சள் துணியில் முடிந்த காசு. ஒருவர் மகளுக்கு வரன் தள்ளிப்போகிறதாம், இன்னொருவர் மகன் லாரி லைசென்ஸில் மூன்று தடவை பெயிலாம். நம்ம தோட்டத்தில் இத்தனை பேருக்கு அறிவியல் ஆர்வமா என்ற சந்தோஷத்தில் எல்லாக் காசையும் அளந்தேன். எல்லாவற்றிலும் புள்ளி மூன்று. எல்லோருக்கும் ஒரே தடைதான் என்றேன். காலில் விழுந்து திருநீறு கேட்டார்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அதற்குள் செய்தி பஸ் ஏறிப் பெடாஸ் வந்துவிட்டது. "நாங்க குடுத்த காசுலயே தடைன்னு மந்திரம் போட்டுப் பாத்தீங்களாம். அப்புறம் எதுக்குலா இந்தக் கல்யாணம்?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள். அன்றிலிருந்து என் மகள் ரோகினி என்னோடு பேசுவதில்லை. உங்கள் மகன் முகுந்தனைத் தவிர யாரையும் கட்ட மாட்டாளாம், அதையும் அம்மாவிடம்தான் சொன்னாள். பெற்ற பிள்ளை வாழ்க்கையில் நானே மண்ணைப் போட்டுவிட்டேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று மீட்டரைக் கட்டி மேலே போடப் போனேன். அதன் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொட்டன. நடுவில் காசே இல்லை, அப்போதும் புள்ளி மூன்று. சம்பந்தி, தடை உங்கள் காசில் இல்லை, என் வயரில் இருக்கிறது. காசின் தடை இந்த மீட்டர் கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது. இது எனக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும், வெட்கமாக இருக்கிறது. வீடு வீடாகப் போய் விளக்கிவிட்டேன். வள்ளிநாயகி அக்கா மட்டும், "அப்ப ஒங்க வயருக்குத்தான் பரிகாரம் பண்ணணும்" என்கிறார்.

கோபத்தை மறந்து, பேசியபடி ஆவணியில் பரிசம் போட வாருங்கள். வீட்டம்மாவுக்கு எங்கள் வணக்கம், முகுந்தன் தம்பிக்கு ஆசி.

இப்படிக்கு,
சம்பந்தியாகவே இருக்க விரும்பும்
குணாளன்

பி.கு.: வயரின் தடையைக் கழித்துவிட்டுக் காட்டும் நல்ல மீட்டர் ஒன்று ஆர்டர் செய்திருக்கிறேன். தாலி வாங்கியதும் அரை மணி நேரம் இங்கே கொடுத்தனுப்பவும். சுத்தத் தங்கத்தைவிட நகைத் தங்கத்தில் தடை அதிகம், அதனால் தாலியில் தடை இருந்தே தீரும். பதற வேண்டாம்.