இரண்டு மணிக்கொரு தடவை மருமகள் பூசும் வெள்ளை

மரக்காணம்,
18.5.2005

பெருமதிப்பிற்குரிய மச்சான் தனக்கோடி அவர்களுக்கு, தங்கள் தங்கை பாஞ்சாலையின் வீட்டுக்காரன் சக்கரபாணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நலமா இல்லையா என்பது தாங்கள் சொல்லப்போகும் பதிலில்தான் இருக்கிறது. திண்டிவனத்தில் அக்காவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஆவணியில் நம் பையன் கலையரசனுக்குத் தாங்கள் முன்னின்று முடித்துவைத்த பெண் அருள்மொழியைப் பற்றித்தான். குணத்தில் குறை சொல்ல மாட்டேன். சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து, குப்பம் குப்பமாகப் போய் இடிந்த வீடுகளை எழுதிக்கொண்டு வருகிறாள். மத்தியானம் நான் மேஸ்திரியாக இருக்கும் உப்பளத்துக் கொட்டகைக்கு வந்துதான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள். அங்கேதான் மச்சான் எனக்குப் பொறி தட்டியது. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அவள் செல்போன் கிர்ரென்று அடிக்கும். எடுத்துப் பேச மாட்டாள், அணைத்துவிட்டு எழுந்து உப்புக் குவியலுக்குப் பின்னால் போவாள். திரும்பி வரும்போது முகம் வேறு முகமாக இருக்கும். மறுபடி இரண்டு மணிக்குக் கிர்ர், மறுபடி குவியல், மறுபடி வேறு முகம். ஒரு வாரம் பொறுத்தேன். எட்டாம் நாள் குவியலின் இந்தப் பக்கமாக ஏறி எட்டிப் பார்த்தேனா, உப்பு சரிந்தது, நானும் சரிந்து அவள் காலடியிலேயே போய் உட்கார்ந்தேன்.

"இன்னா மாமா, விழுந்துட்டீங்களா?"

"இல்லம்மா, குவியல அளவு பாத்தேன்."

அவள் கையில் ஒரு டியூப், ஒரு ஸ்பாஞ்சு. காலையிலேயே ரோஸ் பவுடர், மை, பொட்டு எல்லாம் வைத்துக்கொண்டுதான் கிளம்பியிருக்கிறாள். அதன் மேலேயே வேர்வையைக் கைக்குட்டையால் ஒற்றிவிட்டு, டியூபிலிருந்து வெள்ளையை ஸ்பாஞ்சில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"இது இன்னாம்மா?"

"சன்ஸ்கிரீன் மாமா. வெயிலுக்கு."

"அதான் காலையில போட்டிருப்பியே?"

"வேர்வையில போயிடும் மாமா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திரும்பப் போடணும்."

"பவுடர் மேலயேவா?"

"தேச்சாதான் பவுடர் கலையும். ஒத்தி ஒத்தி வெச்சா ஒண்ணும் ஆவாது."

கேட்ட கேள்விக்கெல்லாம் கையோடு பதில் இருக்கிறது பாருங்கள். உண்மை பேசுகிறவர்கள் இவ்வளவு கோர்வையாகவா பேசுவார்கள்? நாற்பது வருஷமாக இந்த உப்பு வெயிலில் நிற்கிறேன், வெயிலுக்கு ஒருத்தர் வெள்ளையடித்து நான் பார்த்ததில்லை. மறைக்க ஒன்றுமில்லாதவள் மறைவுக்கு ஏன் போக வேண்டும்? யோசித்து யோசித்து எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது மச்சான், எழுதவே கை கூசுகிறது, அது வெண்குஷ்டம். கல்யாணத்துக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது, பெண் வீட்டார் மூடியிருக்கிறார்கள், தங்களுக்கும் தெரிந்திருக்கிறது.

அவசரப்பட்டு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம், விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மருந்துக்கடை வைத்திருக்கும் கூனிமேட்டு பாயிடம், அவள் குளிக்கப் போன நேரத்தில் டியூபை எடுத்துப்போய்க் காட்டிக் கேட்டேன். "வெயில்ல நிக்கிறவங்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா போடணும்ங்க" என்றார். அதே இரண்டு மணி நேரம்! இரண்டு பேர் ஒரே வார்த்தையைச் சொன்னால் பேசிவைத்துக்கொண்டார்கள் என்றுதானே அர்த்தம்? சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று அந்த டியூபிலிருந்து கொஞ்சம் எடுத்து இடது கையில் மட்டும் பூசிக்கொண்டு உப்பளத்தில் நின்றேன். பதினோரு மணிக்குள் வேர்வையில் திட்டுத் திட்டாகக் கரைந்து கோடு கோடாக நின்றது. அதைப் பார்த்த மாரியம்மாள், இருபது வருஷமாக என்னிடம் வேலை செய்கிறவள், "இன்னா மேஸ்திரி, கையில வெள்ள வெள்ளையா?" என்று கேட்டுவிட்டு, நான் மொண்டு கொடுத்த தண்ணீரை வாங்காமலே போய்விட்டாள். சாயங்காலத்துக்குள் உப்பளம் முழுக்க என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும்! இதுவும் தங்கள் சம்பந்தத்தால் வந்ததுதானே?

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை தாங்கள் பெண் வீட்டாரை அழைத்துக்கொண்டு, தோல் டாக்டர் சீட்டோடு நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும். தவறினால் பெண்ணைக் கொஞ்ச நாள் அவர்களே அழைத்துப்போய் வைத்துக்கொள்ளட்டும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. கோபத்திலும் மரியாதை குறையாத,

தங்கள் மச்சான்,
சக்கரபாணி

பின்குறிப்பு (20.5.2005): இதைத் தபாலில் போடச் சொல்லிப் பாஞ்சாலையிடம் கொடுத்தேன். அண்ணனுக்குத் தானும் இரண்டு வரி எழுதலாம் என்று அவள் பிரித்திருக்கிறாள். என் கையெழுத்து புரியாமல், மருமகளைக் கூப்பிட்டுச் சத்தமாகப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். நான் வீட்டுக்குள் நுழையும்போது அருள்மொழி கடைசி வரியில் இருந்தாள். தோட்டத்துக்குப் போய் சோப்புப் போட்டு மூன்று தடவை முகத்தைக் கழுவிவிட்டு, பொட்டுகூட இல்லாமல் உச்சி வெயிலில் என் எதிரே வந்து நின்றாள்.

"கிட்ட வந்து பாருங்க மாமா."

இரண்டு கன்னத்திலும் கருந்திட்டாக மங்கு, மச்சான். வெறும் மங்கு. கலையரசன் பிறந்த பிறகு தங்கள் தங்கைக்கு வந்ததே, அதேதான். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த டியூபாம் அது.

"ஆம்பளைங்க எதிர்ல பூசிக்கினா நீங்க எதுனா நெனைப்பீங்கன்னுதான் மறைவா போனேன். சரி, வெள்ளையாவே இருந்திருந்தா மட்டும் இன்னா பண்ணியிருப்பீங்க? தொரத்தி வுட்டிருப்பீங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் பாஞ்சாலை முந்திக்கொண்டாள். "அவரத்தான் தொரத்தி வுட்டிருப்பேன்" என்றாள்.

"இத வேற யார் யார்கிட்ட சொன்னீங்க மாமா?" என்று மருமகள் கேட்டாள். மச்சானுக்கு மட்டும்தான் என்றேன். பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம்தான் டீக்கடைக்காரர், முடிவெட்டுகிறவர், பக்கத்து உப்பளத்து மேஸ்திரி என்று ஒவ்வொருவராக ஞாபகம் வந்தார்கள். தங்களையும் சேர்த்து மொத்தம் ஆறு பேர். சொன்ன வாயாலேயே இல்லை என்றும் சொல்லிவிட்டு வர வேண்டும் என்றாள். நேற்று ஐந்து பேரிடம் சொல்லியாகிவிட்டது. கடிதத்தைக் கிழிக்கப் போனேன், அதற்கும் விடவில்லை. எழுதினது முழுதும் போகட்டும் என்கிறாள். ஆறாவது வீடு தங்களுடையது. எழுத்தில் சொன்னால் போதாதாம், நேரில் சொல்ல வேண்டுமாம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வர வேண்டாம். காலை முதல் பஸ்ஸில் நான் வருகிறேன்.