நாங்கள் தவிக்கவில்லை, ரம்மி ஆடினோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் நலம், துணிமணிகளும் காய்ந்துவிட்டன. தங்கள் நலமறிய ஆவல்தான், ஆனால் முதலில் சண்டையை முடித்துக்கொள்வோம்.

நேற்றைய தங்கள் நாளிதழின் ஐந்தாம் பக்கத்தில், ‘ஏரியில் இறங்கிய கேரவன்: தவித்த மூன்று மூதாட்டிகள் மீட்பு’ என்றொரு செய்தி. அந்த மூவரில் ஒருத்தி நான். ஏரி உண்மை, கேரவன் உண்மை, மூன்று என்ற எண்ணிக்கையும் சரி. மற்ற எதுவும் சரியில்லை.

நான் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். உடன் வந்த சிநேகிதிகளில் ஒருத்தி ஓய்வுபெற்ற நர்ஸ், மற்றவள் தையல்கடை வைத்திருப்பவள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் கேரவனில் பத்து நாள் ஊர் சுற்றக் கிளம்பினோம். ஆறாம் நாள் எங்கும் போவதில்லை, ஒன்றும் செய்வதில்லை என்று தீர்மானம். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு நாளை நாங்கள் கண்டதில்லை. ஆகவே ஏரிக்கரைச் சரிவில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்கு மரக்கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு, உள்ளே ரம்மி ஆட உட்கார்ந்தோம். மேஜை ஆடியது. தையல்காரிக்கு எது கோணலாக இருந்தாலும் பொறுக்காது. இறங்கிப் போய் ஒரு கட்டையைக் கொண்டுவந்து மேஜைக்காலுக்கு முட்டுக்கொடுத்தாள். எங்கிருந்து எடுத்தாள் என்று நாங்கள் கேட்கவில்லை. மேஜை அசையாமல் நின்றது, வீடு நகர்ந்தது. கைப்பிரேக் போட்டிருந்தேனா என்று உங்கள் நிருபர் கேட்டார். என்னிடம் கேட்கிற கேள்வியா அது? அன்றும் பதில் சொல்லவில்லை, இன்றும் சொல்ல மாட்டேன்.

“ஏய், ஜன்னல் பக்கம் வாத்து போகுதுடி,” என்றாள் நர்ஸ்.

“போனாப் போகுது, சீட்டப் போடு,” என்றேன். இன்னும் ஒரே ஒரு சீட்டு வந்தால் எனக்கு ரம்மி.

“இல்லடி, அது நடக்கல, நீந்திப் போகுது.”

எட்டிப் பார்த்தால் நாலு புறமும் தண்ணீர். வாசற்படிவரை வந்து நின்றுவிட்டது, அதற்கு மேல் ஏறவில்லை. தையல்காரி, “எல்லாம் என்னாலதான்,” என்று அழ ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் அழுதவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். “ஆனா ஒண்ணு. இங்க வந்து ஒருத்தரும் ‘என் துணிய தைச்சாச்சா’ன்னு கேக்க முடியாது,” என்றாள். நாற்பது வருடமாக அவளைத் தெரியும். அப்படி நிம்மதியாக அவள் மூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. இதையா ஐயா தவிப்பு என்கிறீர்கள்?

கரையில் கூட்டம் கூடி, யாரோ தீயணைப்புக்காரர்களுக்குச் சொல்லிவிட்டார்கள். ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நடந்து ஜன்னலருகே வந்தார்.

“அம்மா, பயப்படாதீங்க!”

“யார் பயந்தா? உங்களுக்குத்தான் பல்லு கிடுகிடுன்னு ஆடுது. உள்ள வாங்க,” என்றாள் நர்ஸ். அவரை உட்கார வைத்து, நாடி பார்த்து, கம்பளி போர்த்தி, சூடாகத் தேநீர் கொடுத்தாள். ஆட்டம் முடியும்வரை அவர் எங்களோடுதான் இருந்தார், என் சீட்டைப் பார்த்து ஒரு யோசனைகூடச் சொன்னார். ஆக, மீட்கப்பட்டது யார்? உங்கள் நிருபர் இதில் ஒரு வரி எழுதினாரா? நான் உதவி கேட்டுக் கையசைப்பதாகப் போட்ட படத்தில் நான் சொல்வது, “கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது.” அப்புறம், ‘மூதாட்டி’! எங்களில் மூத்தவளுக்கே அறுபத்தெட்டுதான்.

வண்டியை இழுத்துக் கரையேற்றியாயிற்று. மிச்ச நாளும் சுற்றிவிட்டுத்தான் வீடு திரும்புவோம். ஆகவே இக்கடிதத்தை அதே ஐந்தாம் பக்கத்தில், அதே பெரிய எழுத்தில், அதே படத்தோடு வெளியிட வேண்டும். யாருக்கும் பயந்து வாழ்கிறவள் அல்ல நான்.

தாங்களும் தங்கள் நிருபரும் நீடூழி வாழ்க. உங்களுக்கும் ஒரு நாளாவது ஒன்றும் செய்யாமல் உட்காரக் கொடுத்து வைக்கட்டும்.

இப்படிக்கு,
படத்தில் நடுவில் இருப்பவள்

பின்குறிப்பு: தயவுசெய்து இதை வெளியிட்டுவிடாதீர்கள். இப்போதுதான் மகள் போன் செய்தாள். நான் அக்கா வீட்டில் இருப்பதாக அவளுக்கு நினைப்பு. பேப்பர் பார்த்தாளாம்; நல்லவேளை, படத்தில் என் கை என் முகத்தைப் பாதி மறைத்திருக்கிறது. “பாவம்மா, அந்த நடுவுல இருக்கிற கிழவி. பெத்த பொண்ணு கவனிக்கிறதே இல்ல போல,” என்றாள். “ஆமாடி, பாவம்,” என்று சொல்லிவிட்டேன்.