பட்டனுக்கு முன்னால் ஒரு முன்னுரை

மென்பொருள் கம்பெனிகளில் மட்டுமே செழித்து வளரும் ஓர் இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன்: எழுதும் முறையைத் திருத்துபவர். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் சொல்ல மாட்டார். அதை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லுவார், எழுதியதும் முறையையே மாற்றுவார், மாற்றியதை விளக்கக் கூட்டம் போடுவார், கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டி முடிப்பதற்குள் அதைவிட நல்ல முறை ஒன்று அவருக்குத் தோன்றிவிடும். தூங்குவாரா? யாருக்குத் தெரியும்.

எங்களிடம் இருப்பவருக்கு டெம்ப்ளேட் அண்ணன் என்று பெயர். எங்கள் குழுவுக்குச் சோறு போடும் ஒரே வாடிக்கையாளரான பல் டாக்டரம்மா ஒருநாள் வந்தார்.

"வர முடியாதவங்க அப்பாயின்ட்மென்ட்டை ரத்து பண்ண ஒரு பட்டன் வேணும் தம்பி. சொல்லாம கொள்ளாம நின்னுடறாங்க. நாற்காலி காலியாக் கிடக்கு."

என் கை கீபோர்டுக்குப் போனது. அண்ணன் தடுத்தார்.

"வேணும்னா, கட்டாயம் வேணுமா, இருந்தா நல்லாருக்குமா?"

"வேணும்னா வேணும்தான்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். வேற யாரு அங்க பல்லு பிடுங்குறது?"

பிறகென்ன, நோக்கம், எல்லை, சொல்விளக்கம் என்று ஆவணம் பெருக ஆரம்பித்தது. குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் என்று நெஞ்சு நிமிர்த்தித் திரிந்த என்னிடம், பட்டன் என்றால் என்ன என்று எழுதச் சொன்னார். 'அழுத்தினால் வேலை நடப்பது' என்றேன்.

"அப்ப காலிங் பெல்லு?"

திருத்தினேன்.

டாக்டரம்மா மறுபடி வந்தபோது ஆவணத்துக்கு அட்டை இருந்தது, பொருளடக்கம் இருந்தது, கையெழுத்துக்குத் தனிப் பக்கமே இருந்தது. பட்டன்? அது மட்டும் இல்லை.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அந்தப் பட்டன் வேலை செய்யலைன்னா, நான் வேற கம்பெனிக்குப் போயிடுவேன்."

என் கை மறுபடி கீபோர்டுக்குப் போனது. அண்ணன் முகத்திலோ பௌர்ணமி.

"இதத்தாம்மா இத்தனை நாளா கேட்டுக்கிட்டிருக்கேன். என்ன வேணும், எதுக்குள்ள வேணும், நடக்கலைன்னா என்ன ஆகும், எல்லாம் ஒரே வரியில. கொஞ்சங்கூடக் குழப்பமில்ல. தம்பி, இத நம்ம ஆவணத்துல மாதிரி வாக்கியமாப் போட்டுரு."

போட்டேன், முதலில் பட்டனை. அந்த வாக்கியம் எந்த அத்தியாயத்தில் வர வேண்டும் என்று அண்ணன் விட்டத்தைப் பார்த்து யோசித்துக்கொண்டிருக்கும்போதே டாக்டரம்மா அழுத்திப் பார்த்தார். ரத்தானது. "இதுக்கா தம்பி இவ்வளவு நாளு?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அண்ணன் என் முதுகில் தட்டினார். "பாத்தியா, புது முறை எவ்வளவு வேகம்னு."

நீங்களும் சிரிக்கிறீர்களா? நல்லது. ஆனால் முதல் வரியில் 'இனம்' என்றேனே, அதற்கு விளக்கமே தரவில்லையே என்று படிக்கும்போது உங்கள் மனம் எங்காவது முணுமுணுத்திருந்தால், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், எங்கள் கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டுவிடாதீர்கள். ஒருவரே போதும்.