தாலித் தட்டும் நாற்பத்தேழாவது லெவலும்

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவனுக்குக் கேட்காமலே பதவி உயர்வு கிடைக்கிற இடம் கைபேசி விளையாட்டு ஒன்றுதான். முதல் நாள் ஓர் ஓணானை வெட்டினேன். உடனே எக்காளம் ஊதி, தலைக்கு மேல் பொன்னொளி பாய்ச்சி, என்னை இரண்டாவது லெவலுக்கு உயர்த்திவிட்டார்கள். என் அலுவலகத்தில் இதே மரியாதையைப் பெற நான் எத்தனை மேலதிகாரிகளின் பிரிவுபசார விழாவில் மிக்சர் தின்ன வேண்டியிருந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

விளையாட்டை அறிமுகம் செய்தவள் என் அக்கா மகள் வெண்ணிலா. ஓ.எம்.ஆரில் கணினிக் கம்பெனி ஒன்றில் வேலை. "மாமா, நீங்க சும்மா டிவிய பாத்துகினு கீறீங்க, இத்த ஆடுங்க" என்று அவளே என் கைபேசியில் ஏற்றிக் கொடுத்தாள். இது முடிகிற விளையாட்டு இல்லை. மாதாமாதம் புது ஊர், புது அரக்கன் என்று வளர்ந்துகொண்டே போகும். உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் ஒரே காட்டில் சுற்றுவார்கள். பெயர் 'மாவீரன் 1', கையில் கோடரி, அதுதான் நான். (மாவீரன் 2 யாரும் இல்லை. எதையும் எண் போட்டு ஆரம்பிப்பது என் பழக்கம். நான் ஸ்டோர்ஸ் பிரிவில் இருப்பவன். என் அலமாரியில் சட்டைகள் கூட நிற வரிசையில்தான் தொங்கும்.)

நாற்பதாவது லெவல் வரை சுகமாக ஏறினேன். அதற்கு மேல்தான் விளையாட்டு தன் சுயரூபத்தைக் காட்டியது. ஒரு கல்லறைத் தோட்டம். அதில் எலும்புக்கூடுகள். ஒன்றை வெட்டினால் கிடைக்கும் அனுபவப் புள்ளி, கடலில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றியது போல. மறுபடி அதே எலும்புக்கூடு அதே இடத்தில் எழுந்து நிற்கும். எனக்கும் அதற்கும் முகப்பழக்கமே ஆகிவிட்டது. போதாததற்கு, கல்பாக்கம் பக்கம் நான் வேலை செய்யும் இடத்தில் கைபேசியை வாசலிலேயே கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். நாற்பத்தாறிலேயே மாதக்கணக்கில் கிடந்தேன்.

அப்போதுதான் ஒரு வழி கண்டுபிடித்தேன். திரையின் ஓரத்தில் 'பின்தொடர்' என்று ஒரு பொத்தான். நம் குழுவில் பலசாலி ஒருவரைத் தேர்ந்தெடுத்து அதை அழுத்தினால், நம் ஆள் நாய்க்குட்டி போல அவர் பின்னாலேயே போவான். அவர் வெட்டுவார், புள்ளியில் நமக்கும் பங்கு. நாம் செய்ய வேண்டியது அவ்வப்போது திரையைத் தொடுவது மட்டும். (இப்படித் தொட்டுத் தொட்டே ஓய்வு பெறும் பலரை எனக்கு நேரில் தெரியும்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை புள்ளிகள் இரட்டிப்பு என்று அறிவித்தார்கள். அதே ஞாயிறு காலை திருப்போரூர் முருகன் கோயிலில் வெண்ணிலாவுக்குக் கல்யாணம். சாதாரண மனிதன் இதைச் சிக்கல் என்பான். நான் திட்டமிடத் தொடங்கினேன். பின்தொடர் பொத்தான் இருக்கும்போது எனக்கென்ன கவலை?

அன்று காலை கோயில் மண்டபத்தில் அக்கா சரோஜா என்னைத் தனியாக இழுத்துப் போனாள்.

"டேய், உனுக்கு ஒரே வேலதான். தாலித் தட்ட எடுத்துகினு போய் எல்லார்கிட்டயும் ஆசீர்வாதம் வாங்கி, ஐயர் கையில கொண்டாந்து குடுக்கணும். அந்தப் போன குடு இங்க."

"அக்கா, என் ஸ்டோர்ஸ்ல இதுவரைக்கும் ஒரு போல்ட்டு தொலஞ்சது கெடையாது."

"போல்ட்டு தொலஞ்சா வேற வாங்கலாம்டா. நல்ல நேரம் போச்சினா இன்னா பண்ணுவ? அது முடிஞ்சா எமகண்டம்."

கைபேசியை நான் கொடுக்கவில்லை.

தட்டில் மஞ்சள் அரிசி, அதன்மேல் தேங்காய், தேங்காயின்மேல் தாலி. என் மனைவியின் தம்பி சேகர் முன்னால் போக வேண்டும், நான் பின்னால். யாரிடம் முதலில் நீட்டாவிட்டால் எந்தச் சித்தப்பா சாப்பிடாமல் பஸ் ஏறுவார் என்ற விவரமெல்லாம் அவனுக்குத்தான் அத்துப்படி. சந்தன நிறப் பட்டுச் சட்டை போட்டிருந்தான். அந்தச் சட்டையில் என் இடது கண்ணை வைத்தேன். வலது கண் கைபேசியில். இடது கையில் தட்டு. அங்கே மாவீரன் 1 ஒரு வாள்வீரர் பின்னால். இங்கே நான் சேகர் பின்னால். இவ்வளவு ஒழுங்கான ஏற்பாட்டை யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்று எனக்குள் ஒரு பெருமை.

ஒரு சிறு விவரத்தை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. பெரிய முகூர்த்த நாளில் அந்தக் கோயிலில் எங்கள் கல்யாணம் மட்டும் நடக்காது. தூணுக்கு ஒரு ஜோடி, ஜோடிக்கு ஒரு மேளம். தமிழ்நாட்டு ஆண்களில் பாதிப் பேருக்குக் கல்யாணச் சட்டை என்றால் சந்தன நிறம்தான்.

தட்டை நீட்டினேன், கைகள் வந்து தொட்டுக் கும்பிட்டன. இது யார் தாலி, பெண் எந்த ஊர் என்று விசாரித்துவிட்டு ஆசி வழங்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. தட்டு வந்தால் கை தானாகப் போகும். கூட்டம் குறைந்தது, வெயில் உறைத்தது, காலுக்குக் கீழே கல் போய் மண் வந்தது. நான் பார்க்கவில்லை. பூக்கடை அம்மா தொட்டுக் கும்பிட்டாள். செருப்புக்கு டோக்கன் கொடுப்பவர் கும்பிட்டார். நின்றிருந்த பஸ்ஸின் ஜன்னல் வழியே கூட ஒரு கை நீண்டு அட்சதை எடுத்தது. நம் சொந்தம் இவ்வளவு பெரியதா என்று மனம் நெகிழ்ந்தேன்.

அப்போது கல்லறைத் தோட்டத்தில், என் ஆளுக்கு எதிரே ஓர் இளவரசி வந்து குதித்தாள். வெள்ளிக் கவசம், கையில் வேல். வெண்ணிலாவின் ஆள்.

"மாமா, எங்க கீறீங்க?" என்று அவள் தலைக்கு மேல் எழுத்து மின்னியது.

கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்வது என் குணம். "கல்லறைத் தோட்டம், வடக்கு மூலை, உடைந்த சிலை அருகில்" என்று ஒற்றை விரலால் அடித்தேன்.

"அதுல இல்ல மாமா. நெஜத்துல. தாலி எங்க?"

தலை நிமிர்ந்தேன். கோயிலைக் காணோம். எதிரே குளம். பக்கத்தில் டீக்கடை. சந்தனச் சட்டைக்காரர் கையில் கிளாசோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சேகருக்கு மீசை கிடையாது. இவருக்கு நிறைய இருந்தது.

"இன்னா சார், அப்போலேர்ந்து எம் பின்னாடியே வந்துகினு கீறீங்க? நான் டீ குடிக்க வந்தேன். உங்களுக்கும் ஒண்ணு சொல்லட்டுமா?"

"நீங்க… பொண்ணு வீடா, மாப்ள வீடா?"

"நாலாவது தூணு சார். எங்க கல்யாணம் முடிஞ்சே போச்சி."

ஓடினேன். கைபேசி சட்டைப் பையில், வேட்டி ஒரு கையில், தட்டு ஒரு கையில், தேங்காயை மோவாயால் அழுத்திக்கொண்டு. ஓடுகிறவனையும் நிறுத்தி நாலு பேர் தாலியைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அந்த நேரத்தில் மண்டபத்தில் நடந்ததைப் பிறகு சொன்னார்கள். ஐயர் மூன்று தடவை கை நீட்டி மூன்று தடவையும் வெறுங்கையை மடக்கிக்கொண்டார். மேளக்காரர்கள் கெட்டி மேளத்துக்குக் குச்சியை ஓங்கியபடியே நின்றார்கள். சேகர் கழிப்பறை வரை தேடிவிட்டான். எல்லோரும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் விளையாடும்போது எந்த அழைப்பும் மணி அடிக்காதபடி நானே ஒரு வசதியைப் போட்டு வைத்திருந்தேன். (என் ஒழுங்கு அப்படி.) கடைசியில் மணையில் உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண்ணே தோழியிடம் தன் போனைக் கேட்டு வாங்கினாள்.

மாமல்லபுரத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அத்தை மோவாயில் கை வைத்தாராம். "தாலி கட்ற நேரத்துல பொண்ணு இன்னாமா கேம் ஆடிகினு கீது?"

"ஆடல அத்தை. எங்க மாமாவ கூப்புடுறேன்" என்றாளாம் வெண்ணிலா. இந்த விளக்கத்தால் குடும்பத்தின் கௌரவம் எந்த அளவு காப்பாற்றப்பட்டது என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

நான் மூச்சிரைக்க வந்து தட்டை நீட்டியபோது ஐயர் நான்காவது தடவையாகக் கை நீட்டினார். கடிகாரத்தைப் பார்த்தார், தாலியை எடுத்தார், மாப்பிள்ளை கையில் கொடுத்தார். எமகண்டத்துக்கு முன்னால் முதல் முடிச்சு விழுந்தது. அதே நொடியில் என் சட்டைப் பையிலிருந்து எக்காளம் ஊதியது. நான் குளக்கரையிலிருந்து ஓடி வந்த நேரமெல்லாம், பையின் உரசலையே தொடுதலாக எடுத்துக்கொண்டு, மாவீரன் 1 தன் கடமையைத் தவறாமல் செய்திருக்கிறான். நாற்பத்தேழாவது லெவல்.

கெட்டி மேளத்துக்கு நடுவே மாப்பிள்ளை குனிந்து என் காதில் சொன்னார். அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. "வாழ்த்துக்கள் மாமா."

அக்கா அன்று என்னிடம் பேசவில்லை. பேசாததை எல்லாம் மறுநாள் சேர்த்துப் பேசினாள். என் நாட்குறிப்பில் அந்தத் தேதியின் கீழ் "திருமணம் இனிதே நடந்தது" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். பக்கத்தில் இடம் மிச்சமிருந்தும் வேறு எழுதத் தோன்றவில்லை. கல்யாண ஆல்பத்தின் முதல் படம், கூரைப்புடவையும் மருதாணியுமாக மணையில் உட்கார்ந்து பெண் கைபேசியில் தட்டிக்கொண்டிருக்கும் படம். யார் வீட்டுக்கு வந்தாலும் அக்கா முதலில் அதைத்தான் காட்டுகிறாள். சேகர் எனக்கு முன்னால் வரிசையில் நின்றால் கூட ஒரு தடவை திரும்பி என் முகத்தைப் பார்த்து, "மாமா, நான்தான்" என்று உறுதி செய்கிறான்.

போன மாதம் மாமல்லபுரத்தில் வெண்ணிலாவுக்கு வளைகாப்பு. மண்டப வாசலில் அக்கா ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் கையை நீட்டினாள். கைபேசியைக் கொடுத்தேன். பதிலுக்கு என் உள்ளங்கையில் ஒரு தகர வில்லையை வைத்தாள். துளை போட்டு நூல் கோத்து, சிவப்பு நெயில் பாலிஷால் '1' என்று எழுதியிருந்தது.

"ரெண்டாவது டோக்கன் யாருக்குக்கா?"

"யாருக்கும் இல்ல. உன் ஒருத்தனுக்குத்தான் செஞ்சேன்."

"ஒண்ணுதான் கீதுன்னா நம்பர் எதுக்கு?"

"நீதானடா எதுக்கும் நம்பர் போட்டாதான் தொலையாதுன்னு சொல்லுவ?" என்றாள் அக்கா.

விழா முடியும் வரை டோக்கனை நான் தொலைக்கவில்லை. இதை மட்டுமாவது யாராவது வெளியே சொன்னால் நன்றாயிருக்கும்.